ஒரு ஸ்பூன் குறைவாக

புளித்த பால் வாடை தன் இடது தோளிலிருந்துதான் வருகிறது என்பது மாதேஷுக்குக் கால் மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை அது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பச்சை ஸ்வெட்டர்காரப் பெண்ணிடமிருந்தோ, அவள் மடியில் கொழுகொழுவென்று கிடந்த குழந்தையிடமிருந்தோ, பினாயில் போட்டுத் துடைத்தும் போகாமல் பிசுபிசுக்கிற இந்தச் சுகாதார நிலையத்துத் தரையிலிருந்தோ வருகிறது என்று நினைத்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். தலையைத் திருப்பியபோது மூக்கு சட்டையில் பட்டது. தன்னுடையதுதான். விடியற்காலையில் பாப்பா கக்கியது, ஈரத்துணியால் துடைத்துவிட்டு அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான், இன்னொரு சட்டையை அழுக்காக்கினால் இன்னொரு வாளி தண்ணீர், இன்னும் கொஞ்சம் சோப்புத்தூள். புதன்கிழமை, தடுப்பூசி நாள். ஓசூரின் இந்தப் பக்கத்து லைன் வீடுகளில் பிறந்த குழந்தைகளெல்லாம் ஒரே கூடத்தில் கூடி அழுதுகொண்டிருந்தன. அவனுடைய பாப்பாவுக்குப் பத்து வாரம். பெஞ்சில் அம்சா அவளை மடியில் போட்டுக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தாள், கம்பெனியில் பாதி நாள் பர்மிஷன் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், யூனிபார்ம் கோட்டு மடித்துப் பைக்குள் இருக்கிறது. கூடத்தின் கோடியில் மேசைமேல் வெள்ளைத் தாம்பாளம் மாதிரி எடை மெஷின். ஒவ்வொரு குழந்தையாகத் துணியை அவிழ்த்து அதில் கிடத்துகிறார்கள், சிவப்பு எண்கள் ஓடி ஓடி நிற்கின்றன, நர்ஸம்மா அதை உரக்கச் சொல்லி அட்டையில் எழுதுகிறாள். அதற்கப்புறம்தான் ஊசி. எல்லோரும் ஊசிக்குப் பயந்துகொண்டிருந்தார்கள். மாதேஷ் எடைக்குப் பயந்துகொண்டிருந்தான்.

மூன்று ஸ்பூன். நூற்றிருபது மில்லி தண்ணீருக்கு நான்கு ஸ்பூன் பவுடர் என்று டப்பாவில் எழுதியிருக்கிறது, பக்கத்திலேயே படமும் போட்டிருக்கிறது, எழுத்துத் தெரியாதவர்களுக்கும் விளங்குகிற படம். இருபது நாளாக அவன் மூன்று போடுகிறான். அம்சாவுக்குத் தெரியாது. அவளிடம் மறைத்தான் என்றும் சொல்ல முடியாது, அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், அப்படித்தான் இருபது நாளாக மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறான், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காதவளிடம் எப்படிச் சொல்வது. அவள் ஏன் கேட்கப்போகிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பதினைந்தாம் நாள் அவளுக்கு மார்பில் கட்டி வந்து கீறி எடுத்தார்கள், காய்ச்சலும் சீழுமாகப் பத்து நாள், அதற்குள் பால் வற்றிப் போனது. முதல் டப்பாவை வாங்கி வந்த அன்றைக்கு அவளே அதை அவன் கையில் கொடுத்து, “நீங்களே கலக்குங்க மாமா, உங்களுக்குத்தான் அளவெல்லாம் தெரியும், கெமிஸ்ட்ரி படிச்சவரு,” என்று சிரித்தாள். பத்தாவதோடு நின்றவள் அவள். அவன் பி.எஸ்ஸி., அவன் வீட்டில் மட்டுமில்லை, அந்தத் தெருவிலேயே முதல் பட்டம். அன்றைக்கு அவன் கத்தியின் முதுகால் ஸ்பூனின் மேல்பக்கத்தைச் சீவி, ஒரு துகள் கூடாமல் குறையாமல், ஆய்வுக்கூடத்தில் உப்பை நிறுக்கிற மாதிரி அளந்து போட்டான். பாட்டிலைக் கண்ணுக்கு நேராக உயர்த்தித் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தான். அம்சா அதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சீவலை அவன் இப்போதும் விடவில்லை. மூன்று ஸ்பூனையும் அதே சுத்தமாகச் சீவித்தான் போடுகிறான். அதை நினைத்தபோது வாயில் எச்சில் ஊறியது, வாந்தி வருவதற்கு முன்னால் ஊறுகிற மாதிரி, விழுங்கினான், அதிலும் புளிப்பு.

“ஏம்மா, தாய்ப்பால் குடுக்கலியா?” பச்சை ஸ்வெட்டர்காரி அம்சாவைக் கேட்டாள். பாட்டிலைப் பார்த்துவிட்டாள் போல. “இல்லக்கா, கட்டி வந்துடுச்சு,” என்றாள் அம்சா. “எங்களுக்கெல்லாம் வராத கட்டியா? பூண்ட உரிச்சுப் பால்ல வேகவெச்சுச் சாப்பிட்டா பொங்கிக்கிட்டு வரும். இது எனக்கு மூணாவது, இன்னும் நிக்காம குடிக்கிது பாரு.” அம்சா துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் பூண்டு சாப்பிட்டாள், முருங்கைக்கீரை சாப்பிட்டாள், நாற்றமடிக்கிற ஏதோ கருவாட்டுக் குழம்பைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள், நாற்பத்தைந்தாம் நாள் வேலைக்குப் போகாவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சூப்பர்வைசர் போன் செய்தபோது அதுவும் நின்றது. மாதேஷ் அந்தப் பெண்ணை வெறுத்தான். அவளுடைய ஸ்வெட்டரில் கழுத்தோரம் படிந்திருந்த எண்ணெய் அழுக்கை, அவள் விரலால் குழந்தையின் மூக்கை நோண்டி அதைத் தன் புடவையிலேயே துடைத்ததை, அந்தக் குழந்தையின் மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய மாதிரி விழுந்திருந்த சதை மடிப்பை. அந்த மடிப்பைத்தான் அதிகம் வெறுத்தான். பாப்பாவுக்கு மணிக்கட்டில் மடிப்பு கிடையாது. முந்தி லேசாக இருந்தது. இருந்ததா, இவனாக நினைத்துக்கொள்கிறானா. இருந்தது. கழுத்தில் இருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்த மடிப்புக்குள் பால் வழிந்து தயிர் மாதிரி திரண்டு நாறும், பஞ்சால் துடைத்து எடுப்பான், மூச்சைப் பிடித்துக்கொண்டு. இப்போது துடைக்க வேண்டியதில்லை. கழுத்தைச் சுத்தம் செய்கிற வேலை குறைந்துவிட்டது என்று போன வாரம் சந்தோஷப்பட்டான். ஏன் குறைந்தது என்று அவன் யோசிக்கவில்லை. யோசித்தான். யோசித்துவிட்டு விட்டுவிட்டான்.

ஒரு நாளைக்குத்தான் என்று ஆரம்பித்தது. பிளாண்டில் டெஸ்டிங் லேபில் அவனுடைய காண்ட்ராக்ட் முடிந்துபோய், அம்சா மறுபடி வேலைக்குச் சேர்ந்து, சம்பளம் சனிக்கிழமை வரவேண்டியது, டப்பா வியாழக்கிழமையே அடி தட்டிவிடும் போல இருந்தது. அதை முன்னாடியே பார்த்து ஞாயிறன்று ஒரு வேளைக்கு மூன்று ஸ்பூன் போட்டான். பாப்பா குடித்தாள், தூங்கினாள். ஒன்றும் ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை. இருபத்தைந்து சதவீதம்தானே, என்றான் தனக்குள். அடுத்த வேளையும் மூன்று. அப்படிச் சனிக்கிழமையைப் பிடித்துவிட்டான், சம்பளமும் வந்தது, புது டப்பாவும் வந்தது. அன்றைக்கு அவன் நான்குக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பியிருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் அவன் மனசு எப்போதும் வந்து இடித்துக்கொண்டு நிற்கிறது, இதைத் தாண்ட முடியவில்லை, காசு இல்லாமல் செய்ததை நாலு பேரிடம் சொல்லி அழலாம், இருந்தும் செய்ததை யாரிடம் சொல்வது. புது டப்பாவைத் திறந்து முதல் பாட்டிலுக்கு அளந்தபோது கை மூன்றோடு நின்றது. நான்காவதற்கு டப்பாவுக்குள் போன ஸ்பூனை அப்படியே விட்டு மூடியை அழுத்தினான். டப்பா ஒரு நாள் கூடுதலாக வந்தது. அந்த நாள் காலையில் டப்பாவை ஆட்டிப் பார்த்து உள்ளே இன்னும் பவுடர் உருளுகிற சத்தத்தைக் கேட்டபோது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான். ட்யூபை நடுவில் வெட்டி உள்ளே ஒட்டியிருக்கிற பேஸ்டை வழித்து இன்னும் நான்கு நாள் பல் தேய்க்கும்போது வருகிற சந்தோஷம், ஷாம்பு பாட்டிலில் தண்ணீர் விட்டுக் குலுக்கும்போது, பாப்பா குளித்த தண்ணீரிலேயே அவள் துணிகளின் பீயை அலசும்போது, அம்சாவின் பழைய நைட்டியைக் கிழித்து எட்டுத் துணி தேற்றியபோது வந்ததே அதே சந்தோஷம். “எங்க மாமா மாதிரி கட்டுசெட்டா குடும்பம் நடத்த ஆளே கிடையாது,” என்று அம்சா கம்பெனித் தோழியிடம் போனில் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டே அவன் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தான். நுரை வந்தது. தண்ணீர்ப்பாலிலும் நுரை வரும்.

வரிசை இரண்டு ஆள் நகர்ந்தது. அம்சா பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தாள், அவனும் பையோடு நகர்ந்து நின்றான். மெஷினில் ஒரு குழந்தை மூத்திரம் அடித்தது, அது மேசையிலிருந்து ஒழுகித் தரையில் சொட்டியது, யாரோ சிரித்தார்கள், நர்ஸம்மா ஒரு பழைய நியூஸ்பேப்பரை எடுத்துத் துடைத்து அதே தாம்பாளத்தில் அடுத்த குழந்தையைக் கிடத்தச் சொன்னாள். எல்லாரும் சேர்ந்து ஒரே ஈரம், ஒரே நாற்றம், பால், மூத்திரம், பவுடர், தலைக்கு வைத்த எண்ணெய். ஹாஸ்டல் மெஸ் ஞாபகம் வந்தது, ஏன் வந்தது என்று தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் நடித்துவிட்டு, தெரிந்தது. அரசு விடுதி, தட்டில் ஊற்றுகிற பருப்பு தட்டின் அடியில் இருக்கிற பூவேலையைக் காட்டும், அவ்வளவு தண்ணீர். இரண்டாம் வருஷத்தில் இவன்தான் மனு எழுதினான், எண்பது பேரிடம் கையெழுத்து வாங்கினான். எங்கள் வயிற்றில் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தான், அது எல்லாருக்கும் பிடித்தது, இரவில் வராந்தாவில் உரக்க வாசித்துக் கைதட்டினார்கள். மெஸ் காண்ட்ராக்டர் வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக இருப்பார், நல்ல மனுஷன் மாதிரியே பேசுவார். அவரைப் பார்த்தாலே மாதேஷுக்கு உடம்பு கூசும், எப்படி இந்த ஆள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறான், எப்படித் தூங்குகிறான் என்று நினைப்பான். இப்போது தெரிகிறது, நன்றாகவே தூங்கியிருப்பார். அவனும் தூங்குகிறான். எண்பது பையன்கள், அவர்களுக்கு வாய் இருந்தது, பேனா இருந்தது. பாப்பாவுக்கு அழுகை மட்டும்தான். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை அழுவாள், உதட்டை ஒரு பக்கமாக இழுத்துத் தேடுவாள், அவன் விரல் முட்டியைக் கொடுத்தால் அதைப் பிடித்து இழுப்பாள், அவ்வளவு சின்ன வாயில் அவ்வளவு பலம். “கேஸ்தான் அம்சா, வயித்துல காத்து,” என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். ஒரு நாள் மத்தியானம், வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தபோது, பாப்பா பாட்டிலைக் காலி செய்துவிட்டு மறுபடி கத்தியபோது, “எவ்வளவு ஊத்துனாலும் பத்தாதாடி உனக்கு?” என்று கேட்டிருக்கிறான். பெரியவர்களைக் கேட்கிற குரலில். அதற்குப் பாப்பா அழுகையை ஒரு நொடி நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

“மாமா, அட்டைய எடுங்க, நம்மதான்.” அம்சா எழுந்துவிட்டாள். அவன் பையில் கையை விட்டுத் துழாவினான், பாட்டில், வெந்நீர் பிளாஸ்க், பவுடர் போட்ட சின்ன டப்பா, அட்டை. அம்சா துணியை அவிழ்த்தாள். வெள்ளைத் தாம்பாளத்தின் நடுவில் பாப்பாவைக் கிடத்தியபோதுதான் அவன் அவளை முழுசாகப் பார்த்தான், தினமும் இரண்டு தடவை குளிப்பாட்டுகிறவன், இன்றைக்குத்தான் பார்த்தான். தொடையில் தோல் சுருங்கித் தொங்கியது, பெரியவர்களின் தோல் மாதிரி. வயிறு மட்டும் உப்பியிருந்தது. எண்கள் ஓடின. நான்கு காட்டிவிட்டு இறங்கியது, கடவுளே ஏறு என்றான், அவள் காலை உதைத்தபோது ஏறியது, அடங்கியபோது இறங்கியது. “மூணு எண்ணூறு,” என்றாள் நர்ஸம்மா. அட்டையைப் பார்த்தாள். மறுபடி மெஷினைப் பார்த்தாள். “போன தடவ மூணு அறுநூறு. ஒரு மாசத்துல இருநூறு கிராம்தானா? என்னம்மா பண்ணிட்டிருக்க நீ?” அவள் அம்சாவைத்தான் கேட்டாள். எல்லாரும் அம்சாவைத்தான் கேட்கிறார்கள். “வேலைக்குப் போறேன்னு புள்ளைய பாக்கறதில்லையா?” “பாத்துக்கறோம் மேடம்,” என்றாள் அம்சா. குரல் உள்ளே போய்விட்டது. “எனக்குப் பால் இல்ல. பவுடர்தான்.” “எத்தன வேள?” “ஏழு, எட்டு.” “எவ்வளவு தண்ணி, எத்தன ஸ்பூன்?” “நூத்திருவதுக்கு நாலு மேடம். அவருதான் கலக்குவாரு. கரெக்டா அளந்து போடுவாரு, கெமிஸ்ட்ரி படிச்சவரு.” சொல்லிவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள், ஆமாம் என்று சொல்வதற்காக. பின்னால் பச்சை ஸ்வெட்டர்காரி யாரிடமோ, “பவுடரு என்னத்துக்கு ஆவும்,” என்று சொல்வது கேட்டது. மாதேஷ் தலையை ஆட்டினான். ஆட்டியது அவன்தானா என்றுகூடத் தெரியவில்லை, தலை ஆடியது. சுலபமாக இருந்தது. அடுத்த வேளையிலிருந்து நான்கு போட்டால் போதும், ஐந்துகூடப் போடலாம், ஒரு மாசத்தில் சரியாகிவிடும், யாருக்கும் தெரியவேண்டாம். இப்படித்தான் அந்த மெஸ் காண்ட்ராக்டரும் நினைத்திருப்பார், அடுத்த வாரத்திலிருந்து கெட்டியாகப் போடலாம் என்று.

நர்ஸம்மா பாப்பாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், வயிற்றை அழுத்தினாள். “நாலு ஸ்பூன் போட்டு எட்டு வேள குடிச்சும் ஏறலன்னா உள்ள வேற ஏதோ இருக்கு. தைராய்டா இருக்கலாம், இதயத்துல ஓட்டையான்னு பாக்கணும். பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், இன்னைக்கே போயிடுங்க. ரத்தம் எடுப்பாங்க, ஸ்கேன் எடுப்பாங்க.” ஒரு சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தாள். அம்சாவின் கை வாய்க்குப் போனது. “ஓட்டையா மேடம்?” என்றாள். “ரத்தம் எங்க எடுப்பாங்க, இவ்வளவூண்டு கையில?” நர்ஸம்மா எழுதிக்கொண்டே, “கையில கெடைக்கலன்னா தலையில எடுப்பாங்க,” என்றாள், சாதாரணமாக. பேனா ஓடிக்கொண்டிருந்தது. அவன் அந்தப் பேனாவையே பார்த்தான். தலையில். மயிர் சிரைத்து, ஊசியை. இல்லாத நோயைத் தேடி. அம்சா எத்தனை ராத்திரி தூங்கமாட்டாள். அப்போதும் ஒன்றும் கிடைக்காது, எல்லாம் நார்மல் என்பார்கள், வேறு டெஸ்ட் எழுதுவார்கள், அவன் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பான், தலையை ஆட்டிக்கொண்டு. “மூணு,” என்றான். யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமினான், புளிப்பு மேலே வந்தது. “மூணு ஸ்பூன்தாங்க போடறேன். நாலு இல்ல.” பேனா நின்றது. “எப்பலேருந்து?” “இருவது நாளா.” “டப்பாவுல போட்டிருக்கறத படிக்கலியா நீங்க?” “படிச்சேன்.” “படிச்சிட்டா?” நர்ஸம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தான், திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவள் எழுதிய சீட்டை இரண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டு, அட்டையில் ஏதோ எழுதினாள். “ஒழுங்கா போட்டு ஒரு வாரம் குடுங்க. அடுத்த புதன் எடை பாக்கணும். ஏறலன்னா அப்புறம் பாப்போம். ஊசிய போட்டுட்டு மொதல்ல புள்ளைக்குப் பால குடும்மா.” அம்சா பாப்பாவை அள்ளி எடுத்துத் தோளில் போட்டாள். அவன் நின்ற பக்கத்துத் தோளில் முதலில் போட்டாள், அப்புறம் மறு தோளுக்கு மாற்றினாள்.

ஊசிக்கு அலறியது, தொடையைத் தேய்த்தது, சொட்டு மருந்து ஊற்றியது, இதெல்லாம் அவனுக்குத் தூரத்தில் நடந்தது. அம்சா பெஞ்சில் உட்கார்ந்து பைக்காகக் கையை நீட்டினாள், கொடுத்தான். பிளாஸ்கிலிருந்து பாட்டிலில் நூற்றிருபது கோடு வரைக்கும் வெந்நீர் ஊற்றினாள். சின்ன டப்பாவைத் திறந்தாள். அதற்குள் காலையில் அவன் சீவிப் போட்டுவைத்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதற்கே டப்பாவைச் சாய்த்துத் தட்ட வேண்டியிருந்தது. நான்காவது இல்லை. அவள் காலி டப்பாவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். எடை போடுகிற நாள் என்று தெரிந்தும், இன்றைக்குக் காலையிலும். அவன் சொல்ல நினைத்தான், கை பழகிவிட்டது என்று, அது கெட்ட எண்ணத்தில் இல்லை என்று, கெட்ட எண்ணம் இல்லாமலே செய்ய முடிந்தது என்பதுதான் இருக்கிறதிலேயே அருவருப்பு என்று. அம்சா மூன்று ஸ்பூன் விழுந்த பாட்டிலை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போய் நர்ஸம்மாவிடம் ஏதோ கேட்டாள். திரும்பி வந்து பாட்டிலில் இருந்ததைக் கொட்டினாள். சுவரோரம் வாஷ்பேசினில், முழுசாக, மூன்று ஸ்பூனும். ஒரு பெண் தன் டப்பாவிலிருந்து பவுடர் கொடுத்தாள், பச்சை ஸ்வெட்டர்காரியில்லை, வேறு யாரோ. அம்சா அளந்தாள். கத்தி இல்லை, விரலால் சீவினாள். அவன் கண் வாஷ்பேசின் ஓட்டையைச் சுற்றி வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்த பாலையே பார்த்தது, வீணாகப் போகிறதே என்று ஒரு எண்ணம் ஓடியது, ஓடியதை அவனே பார்த்தான்.

பாப்பா குடித்தாள். பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு குடித்தாள், கடைசிச் சொட்டு வரைக்கும், காது அசைய. குடித்து முடித்ததும் அழவில்லை. உதட்டை இழுத்துத் தேடவில்லை. கை விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன, அவள் எப்போதும் அப்படி முஷ்டி பிடித்துக்கொண்டுதான் இருப்பாள் என்று அவன் நினைத்திருந்தான். அம்சா அவள் முதுகைத் தட்டிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டேகால். ஒரு மணிக்குள் பன்ச் அடிக்காவிட்டால் முழு நாளும் லீவு. அவள் கணக்குப் போடுவது அவனுக்குத் தெரிந்தது, பாப்பாவை எங்கே விடலாம், யாரிடம் விடலாம் என்று, லைன் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு கதவாக அவள் மனசு தட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. எல்லாக் கதவும் மூடியிருந்தன, எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கடைசியில் பாப்பாவை அவனிடம் நீட்டினாள். “மூணு மணிக்கு ஒரு பால் இருக்கு,” என்றாள். “நாலு போடறேன்,” என்றான். “போடுங்க.” மாமா என்று சொல்லவில்லை. கோட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு, அட்டையைப் பையிலிருந்து எடுத்துத் தன் பர்சுக்குள் வைத்துக்கொண்டு, படியிறங்கிப் போனாள். கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோவில் அவள் ஏறுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். பாப்பா தோளில் தூங்கிவிட்டாள், ஊசி போட்ட கால் சூடாக இருந்தது, மூச்சு அவன் கழுத்தில் பட்டது. கனமாக இருக்கிற மாதிரி இருந்தது. நூற்றிருபது மில்லி தண்ணீர், நூற்றிருபது கிராம், பவுடர் ஒரு பதினாறு பதினேழு கிராம், இப்போது மெஷினில் போட்டால் மூணு தொள்ளாயிரத்தைத் தாண்டும், அடுத்த புதன்கிழமை எடை போடுவதற்குக் கால் மணி நேரம் முன்னாடி வயிறு நிறையக் கொடுத்துவிட்டால், என்று மனசு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. “சீ,” என்றான். சத்தமாகவே வந்துவிட்டது. இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள். பச்சை ஸ்வெட்டர்காரி, ஊசி போட்ட தன் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவள், அவனையும் பாப்பாவின் இடுப்புத் துணியையும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். “வெளிக்குப் போயிட்டாளா? இதுக்குப் போய் சீங்கறியே தம்பி, பச்சக் கொழந்த என்ன பண்ணும்?” தன் பைக்குள் கைவிட்டு ஒரு பழைய வேட்டித் துண்டை உருவினாள், துவைத்து மடித்தது. “இந்தா. திருப்பிக் குடுக்க வேணாம், வெச்சுக்க.” பாப்பா காய்ந்த துணியோடு சுத்தமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து நின்று, ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டான்.